வெயில், வெள்ளம், இடி: விளையாட்டு அமைப்புகள் எப்படித் தயாராவது? கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது சின்ன கிளப். காலநிலை மாற்றத்துக்குத் தயாராக எங்கிருந்து தொடங்குவது?

கடந்த 5 வருடப் பதிவேட்டை எடுங்கள். ரத்தான ஆட்டம், தண்ணீர் தேங்கிய நாள், மயங்கி விழுந்தவர் என எல்லாவற்றையும் காரணத்தோடு ஒரே தாளில் எழுதுங்கள். அடிக்கடி வந்தது எது, உயிரைப் பறிக்கக்கூடியது எது என்று பார்த்தால் முதல் வேலை தெரிந்துவிடும். பலருக்கு அது வெயிலாகத்தான் இருக்கும். சோலார் பேனல் போடுவது அவசியமான வேலைதான். ஆனால் அது கரியமில வாயு உமிழ்வைக் குறைக்குமே தவிர, இன்று மைதானத்தில் ஓடும் பிள்ளையைக் காப்பாற்றாது. இரண்டுக்கும் தனித்தனியாகத் திட்டம் வேண்டும்.

கேள்வி: போனில் வெப்பநிலையைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்தினால் போதாதா?

போதாது. போன் காட்டுவது நிழல் வெப்பம். உடலுக்கு முக்கியம் வியர்வை ஆவியாகிறதா என்பதுதான். அதற்கு வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் டபிள்யூபிஜிடி (WBGT) மீட்டர் வேண்டும். ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) அளவில் 0.7 பங்கு, வெயிலில் வைத்த கருங்கோள (கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி) அளவில் 0.2, காற்றின் வெப்பத்தில் 0.1 ஆகியவற்றைக் கூட்டினால் வருவது அந்த எண்.

காற்று 38 டிகிரி, ஈரக்குமிழ் 22, கோளம் 50 என்றால் விடை 29.2. காற்று 33 தான், ஆனால் ஈரக்குமிழ் 28, கோளம் 45 என்றால் 31.9. போன் "குறைவு" என்று சொல்லும் இரண்டாவது நாள்தான் ஆபத்தானது. சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, இந்த எண் 32ஐத் தாண்டினால் குளிர்விப்பு இடைவேளை என்கிறது. சிறுவர்களுக்கும், வெயிலுக்குப் பழகாமல் புதிதாக வந்தவர்களுக்கும் வரம்பை இன்னும் கீழே வையுங்கள். உடல் பழக 1 முதல் 2 வாரம் பிடிக்கும். மீட்டரை அலுவலக வாசலில் அல்ல, ஆடும் இடத்தில் வையுங்கள். செயற்கைப் புல்லின் மேற்பரப்பு உச்சி வெயிலில் 60 டிகிரியையும் தாண்டும்.

கேள்வி: போட்டியை இரவுக்கு மாற்றிவிட்டால்?

வெயில் போகும், புழுக்கம் போகாது. 2019 தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தான் நள்ளிரவில்தான் தொடங்கியது. ஓடிய 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள்.

கேள்வி: ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது யார்? நடுவரும் பயிற்சியாளரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

திட்டங்கள் உடைவது இந்த இடத்தில்தான். எந்த எண்ணில் என்ன செய்வது, யார் சொல்வது, அவர் இல்லையென்றால் யார் என்பதை சீசனுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். முடிவெடுப்பவருக்கு வெற்றி தோல்வியிலோ டிக்கெட் வசூலிலோ சம்பந்தம் இருக்கக் கூடாது. ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் 2019 முதல் 5 படி வெப்ப அளவுகோலை வைத்திருக்கிறது. 5 வந்தால் ஆட்டம் நிற்கும். முன்பே அறிவித்த எண் என்பதால் அன்றைக்கு யாரும் வாதாட வேண்டியதில்லை.

கேள்வி: யாராவது சுருண்டு விழுந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

வெயிலில் ஓடியவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, நினைவு தப்பினாலோ வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை வழிந்துகொண்டிருக்கலாம்; "வியர்க்கிறதே, ஒன்றுமில்லை" என்று விடுவது ஆளைக் கொல்லும் தவறு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள். ஒருவர் பின்னால் நின்று, அக்குளுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தலை மூழ்காமல் பிடிக்க வேண்டும். இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடலை ஒட்டிய நீர் சூடாகிவிடும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஏற்றிச் செல்வது. 30 நிமிடத்துக்குள் சூடு இறங்க வேண்டும். அதனால் தொட்டி ஆட்டம் தொடங்கும் முன்பே நிரம்பியிருக்கட்டும். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: மழை நின்றும் மைதானம் 2 நாள் சொதசொதவென்று கிடக்கிறது. புது வடிகால் போடணுமா?

முதலில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். மேலே சேறு, கீழே காய்ந்த மண் என்றால் மேல்மண் இறுகிவிட்டது. 7 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் குழல்போல் பிடுங்கும் இயந்திரத்தால் துளையிட்டு, துளைகளை மணலால் நிரப்பினால் பெரும்பாலும் சரியாகும். குழியில் நீர் ஊறி நின்றால் வடிகாலின் வெளிவாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கொட்டிக் கிளறுவது மட்டும் வேண்டாம், இன்னும் இறுகும். மின்பலகையையும் பம்பையும் வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: இடி இடித்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

கடைசி இடியிலிருந்து 30 நிமிடம். நடுவில் ஒன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். திறந்த கேலரியும் பந்தலும் பாதுகாப்பல்ல. மூடிய கட்டடமோ இரும்புக் கூரையுள்ள வண்டியோ வேண்டும்.

கேள்வி: ரத்தானால் புள்ளி, பணம்?

விதிமுறையில் முன்பே இருக்க வேண்டும். 2019 ரக்பி உலகக் கோப்பையில் ஹகிபிஸ் புயலால் 3 ஆட்டங்கள் ரத்தாயின. விதிப்படி எல்லாம் சமநிலை, அணிக்கு 2 புள்ளி. மாற்றுத் தேதி, டிக்கெட் பணம் திருப்புவது ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். காப்பீட்டில் "கடும் வெப்பம்" என்ற காரணம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மழைக்கு மட்டும் எடுத்த பாலிசி வெயிலுக்கு உதவாது.