கணினிக் கேள்வி-பதில்: வீட்டில் ஓடுகிறது, சர்வரில் வெறும் பக்கம்

கேள்வி: ஹேண்டில்பார்ஸ் (தரவை நிரப்பி எச்டிஎம்எல் உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) டெம்ப்ளேட்டுகள் என் கணினியில் ஒழுங்காக ஓடுகின்றன. சர்வரில் ஏற்றினால் பக்கம் காலி. கன்சோலில் ‘அன்சேஃப்-இவால்’ என்று ஏதோ பிழை. அதைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடலாமா?

பதில்: வேண்டாம். பிரவுசரில் ஹேண்டில்பார்ஸின் ‘கம்பைல்’, டெம்ப்ளேட் என்ற வெறும் ஸ்ட்ரிங்கை ‘நியூ ஃபங்ஷன்’ வழியாக ஜாவாஸ்கிரிப்ட் ஆக்குகிறது. சர்வர் ஹெடரில் அனுப்பும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) தடுப்பது இதைத்தான். உங்கள் கணினியில் அந்த ஹெடர் இருந்திருக்காது. கம்பைல் வேலையை பில்டிலேயே, அதாவது சர்வரில் ஏற்றும் முன் கோப்புகளைத் தயாரிக்கும்போதே, முடித்துவிட்டால் பிரவுசருக்கு ரன்டைம் கோப்பு (கம்பைலர் இல்லாமல், கம்பைல் ஆன டெம்ப்ளேட்டை ஓட்டும் பகுதி) மட்டும் போதும். அது அளவிலும் சிறியது.

ஹேண்டில்பார்ஸை என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) மூலம் புராஜெக்டுக்குள் நிறுவுங்கள். பேக்கேஜ்.ஜேசனின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ பகுதியில் ‘ப்ரீபில்ட்’ என்ற பெயரில் ‘ஹேண்டில்பார்ஸ்’ கட்டளையை எழுதினால், ஒவ்வொரு முறை ‘பில்ட்’ ஓடும் முன்பும் என்பிஎம் அதைத் தானே ஓட்டும். கட்டளையில் டெம்ப்ளேட் ஃபோல்டர், மைனஸ் எஃப் போட்டு வெளியீட்டுக் கோப்பு, மைனஸ் இ போட்டு எக்ஸ்டென்ஷன். இந்த மைனஸ் இ-யை விட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம். அது இல்லையென்றால் ஃபோல்டருக்குள் ‘.ஹேண்டில்பார்ஸ்’ என்று முடிகிற கோப்புகள் மட்டுமே எடுக்கப்படும். உங்களுடையவை ‘.ஹெச்பிஎஸ்’ என்றால் பிழை எதுவும் காட்டாமல், டெம்ப்ளேட்டே இல்லாத ஒரு கோப்பு சமர்த்தாக உருவாகியிருக்கும். பில்ட் முடிந்ததும் திறந்து பார்த்துவிடுங்கள்.

‘ப்ராடக்ட்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘கார்டு.ஹெச்பிஎஸ்’ஸை ‘ப்ராடக்ட்/கார்டு’ என்றுதான் கூப்பிட வேண்டும். வெறும் ‘கார்டு’ என்றால் ‘அன்டிஃபைன்டு’ வரும். வெப்பேக் போன்ற பண்ட்லர் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவி) இருந்தால் மைனஸ் சி போட்டு ‘ஹேண்டில்பார்ஸ்/ரன்டைம்’ என்று கொடுங்கள். வெறும் ‘ஹேண்டில்பார்ஸ்’ என்று கொடுத்தால் கழற்றிவிட நினைத்த கம்பைலர் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

கேள்வி: ரன்டைமுக்கு மாறியதிலிருந்து, ‘பார்ஷியலை கம்பைல் செய்ய முடியவில்லை’ என்கிறது.

பதில்: பார்ஷியல் என்பது பிற டெம்ப்ளேட்டுகளுக்குள் செருகும் சிறு டெம்ப்ளேட். எங்கோ அதைப் பதிவு செய்யும் ‘ரெஜிஸ்டர்பார்ஷியல்’லுக்கு ஸ்ட்ரிங்கையே கொடுத்திருக்கிறீர்கள். ரன்டைமில் கம்பைலர் கிடையாதே! பார்ஷியல்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, மைனஸ் பி சேர்த்து இன்னொரு முறை கட்டளையை ஓட்டுங்கள். வெளியீட்டுக் கோப்பின் பெயர் வேறாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முந்தையது அழிந்துவிடும். ஹெல்பர்கள் (டெம்ப்ளேட்டிலிருந்து அழைக்க நீங்கள் எழுதும் ஃபங்ஷன்கள்) கம்பைலில் சேராது. அவற்றை டெம்ப்ளேட்டை அழைக்கும் முன் பிரவுசரில் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ‘டெம்ப்ளேட் இந்த ரன்டைமைவிடப் புதிய பதிப்பில் கம்பைல் ஆனது’ என்று பிழை வருகிறது. கோடில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

பதில்: கோடை விடுங்கள், பதிப்பைப் பாருங்கள். கணினியில் குளோபலாக நிறுவிய ஹேண்டில்பார்ஸ் கம்பைல் செய்கிறது. உங்கள் வலைப்பக்கத்திலோ சிடிஎன்-னிலிருந்து (கோப்புகளை வழங்கும் வெளி சர்வர்) பழைய ரன்டைம் இறங்குகிறது. கம்பைல் ஆன ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் கம்பைலர் எண் ஒன்று பதிந்திருக்கும், 4.3.0-இல் அது 7-இலிருந்து 8 ஆனது. குளோபலை நீக்கிவிட்டு, ரன்டைமையும் புராஜெக்டின் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரிலிருந்தே (என்பிஎம் நிறுவும் இடம்) எடுங்கள்.