மகள் நாவல் எழுதப் போகிறாளாம்: எதைப் படிக்க வைப்பது?

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த மகள் நாவலாசிரியர் ஆகப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று, கேட்காமல் விட்டது ஒன்று. கேட்டது, "எழுதிப் பிழைக்க முடியுமா?" கேட்காதது, "இப்போதே முளையில் கிள்ளிவிடலாமா?"

முதல் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன். தமிழில் நாவல் மட்டும் எழுதி வீட்டு வாடகை கொடுப்பது அநேகமாக நடக்காத காரியம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ரூபாய் நாவலுக்கு 10 சதவீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். எழுதவே இரண்டு மூன்று வருடம் போயிருக்கும். சாகித்ய அகாதெமி விருதுக்கே ஒரு லட்சம் ரூபாய்தான்.

கேட்காத கேள்விக்கும் பதில் உண்டு. கிள்ளாதீர்கள். இங்கே நாவலாசிரியர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு, அதன் ஓரத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். இமையம் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தவர். ஜெயமோகன் தொலைபேசித் துறை. சுஜாதா பெங்களூரில் பொறியாளர். அதனால் வீட்டில் சண்டை போட வேண்டிய விஷயம் வேறு: எந்த வேலைக்குப் போனால் உங்கள் மகளுக்கு எழுத நேரமும் தெம்பும் மிஞ்சும்?

சிபிஎஸ்இ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் ஜெமினி சினிமா ஸ்டூடியோவைப் பற்றி நாவலாசிரியர் அசோகமித்திரன் எழுதிய பாடத்தைப் படித்திருப்பாள். ஐந்து மார்க் கேள்விக்காகப் படித்ததை மறந்துவிட்டு, இன்னொரு முறை அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து படியுங்கள். நான் சொல்ல நினைப்பதில் பாதி அதில் இருக்கிறது.

ஸ்டூடியோவில் அவருக்கு என்ன வேலை தெரியுமா? பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்து ஃபைலில் சேர்ப்பது. நாள் முழுக்கப் பேப்பர் கிழித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு வேறு வேலையே கிடையாது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆளாளுக்கு அவர் அறைக்குள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அதில் ஒருவர் மேக்கப் பிரிவின் ஆபீஸ் பாய். பெயர்தான் பாய், வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பெரிய நடிகராகவோ டைரக்டராகவோ பாட்டெழுதுகிறவராகவோ ஆகலாம் என்று வந்து, கூட்டக் காட்சிக்கு நிற்பவர்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பவர். தன் திறமை வீணாகப் போவதற்கு யாரோ ஒருவர்தான் காரணம் என்று புலம்பிக்கொண்டே இருப்பார். அதே கட்டடத்தில், அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டே பேப்பர் கத்தரித்த இளைஞர்தான் நாவலாசிரியர் ஆனார். இரண்டு பேரில் யாருக்குத் திறமை அதிகம் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார் என்பது தெரியும்.

அனுப்பிய விதத்தையும் அந்தப் பாடம் சொல்கிறது. 'தி இந்து'வில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சிறுகதைப் போட்டி அறிவிப்பு. இங்கிலாந்திலிருந்து வரும் ஒரு பத்திரிகை நடத்துவது. கதையைத் தபாலில் அனுப்பக் காசு செலவாகுமே, அது எப்படிப்பட்ட பத்திரிகை என்று பார்த்துவிடலாம் என்று முதலில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குப் போகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எழுத்தாளர் என்றால் ஜிப்பாவும் ஏகாந்தமும் என்று நினைக்கிற பிள்ளைகள், தபால் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் இந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். உரைநடை எழுதுவது மேதைகளுக்கான வேலை இல்லை, எதற்கும் நொறுங்காத மனசோடு விடாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவனுக்கான வேலை என்று அங்கே எழுதுகிறார். கதை திரும்பி வந்தால் அவன் புதிதாக ஒரு பிரதி எடுத்து, திருப்பி அனுப்பத் தபால் தலையும் வைத்து, அடுத்த பத்திரிகைக்கு அனுப்புவானாம்.

'உள்ளே இருந்து ஏதோ வந்தால்தான் எழுதுவேன்' என்று ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கிறாள் என்றீர்களே, அதற்கும் இவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகனாக வளர்ந்தவர். 1947, 48இல் ஹைதராபாத் சமஸ்தானம் கொந்தளித்தபோது கல்லூரிப் பையன். அந்த நாட்கள் 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்ற நாவலாக வந்தது 1977இல். இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். சினிமா ஆட்களின் உலகமான 'கரைந்த நிழல்கள்' அந்த ஸ்டூடியோ வருடங்களின் விளைச்சல். அதை எழுதியது வேலையை விட்ட பிறகுதான். உங்கள் மகளுக்கு இப்போது வாய்த்திருப்பது வீடு, தெரு, பள்ளிக்கூடம். அதையே பேர், இடம், பேச்சு மாறாமல் நோட்டில் குறித்து வைக்கட்டும். யாருக்கும் காட்ட வேண்டாம், உங்களுக்கும்கூட. பகலில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, வருகிறதோ இல்லையோ உட்காரட்டும். ஜெயமோகனின் 'வெண்முரசு' நாவல் வரிசை 2014 ஜனவரி 1இல் தொடங்கி 2020 ஜூலை வரை இணையத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்து 26 நாவல்களாக முடிந்தது. அவர் அளவுக்கு எல்லோரும் எழுத வேண்டாம். ஆனால் அதைத் தூண்டுதலுக்குக் காத்திருந்து எழுதியிருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அசோகமித்திரன் 1966இல் அந்த வேலையை விட்டார். பிறகு பேனாவை நம்பியே குடும்பம் நடத்தினார், சிரமப்பட்டார். அவர் நாவல்களைக் கொண்டாடுகிறவர்கள் அந்தச் சிரமத்தையும் சேர்த்துக் கொண்டாடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இனி படிப்பு. ஆங்கில இலக்கியமோ தமிழ் இலக்கியமோ எடுத்தால் எழுத்தாளர் ஆகிவிடலாம் என்பதில்லை. ஆனால் மூன்று வருடம் படிக்க வைப்பார்கள், அது சின்ன விஷயமில்லை. பி.எட். சேர்த்தால் பள்ளி ஆசிரியர். எம்.ஏ., நெட் அல்லது செட் என்று போனால் கல்லூரி. டி.என்.பி.எஸ்.சி. எந்தப் பட்டத்துக்கும் திறந்திருக்கிறது. பொறியியல்தான் பாதுகாப்பு என்று நீங்கள் நினைத்தால், அவளுக்கும் கணக்கு பிடித்திருந்தால், அதிலும் தப்பில்லை. வலுக்கட்டாயமாகச் சேர்த்து அரியர் வைத்தால்தான் இரண்டும் கெட்டுப்போகும். கன்டென்ட் ரைட்டிங், சீரியல் வசனம், விளம்பரம் ஆகியவற்றில் சம்பளம் உண்டு. ஆனாலும் நாவல் எழுத நினைக்கிற பிள்ளைகளை முதல் வேலையாக அதற்கு நான் அனுப்புவதில்லை. பகலெல்லாம் அடுத்தவருக்காக வாக்கியம் எழுதிவிட்டு வந்தால் சாயங்காலம் தனக்கென்று எழுதக் கை வராது. மொழிபெயர்ப்பு அப்படியில்லை, கையைப் பழக்கும்.

உதவித்தொகைகளும் சில உண்டு. மத்திய அரசின் பதிப்பகமான நேஷனல் புக் டிரஸ்ட் நடத்தும் பி.எம். யுவா திட்டத்தில் 30 வயதுக்கு உட்பட்டவர்கள் தேர்வானால் ஆறு மாதத்துக்கு மாதம் 50,000 ரூபாய் கிடைக்கும். அறிவிக்கும் தலைப்புக்குள்தான் எழுத வேண்டும் என்பதால், நாவலுக்கு இடமிருக்கிறதா என்று அந்தந்த முறை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் 35 வயது வரை, 50,000 ரூபாய்.

மகள் மேல் பாசமுள்ள அப்பாக்கள் சறுக்கும் இடம் வேறு. நீங்களே பணம் கட்டிப் புத்தகம் போட்டுக் கொடுக்காதீர்கள். ஆசிரியரிடம் பணம் வாங்கும் பதிப்பகம் அச்சிட்ட அன்றே லாபம் பார்த்துவிடும், பிறகு விற்க அதற்கு அவசரம் கிடையாது. பிரதிகள் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும். உண்மையான பதிப்பகம் கிடைத்தாலும் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். உரிமையைக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம்தான். 'எல்லா உரிமையும், என்றென்றைக்கும்' என்று ஒரு வரி இருந்தால், பேசி மாற்றச் சொல்லுங்கள். சினிமா, மொழிபெயர்ப்பு உரிமை தனித்தனியாக இருக்கட்டும். ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும் சொத்து அது.

ஆசை நிஜமா, வயசுக் கோளாறா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாவலைப் பற்றிக் கேட்காதீர்கள். கல்லூரி திறப்பதற்குள் ஒரு சிறுகதையை எழுதி முடித்து, பத்து நாள் தொடாமல் வைத்து, எடுத்துத் திருத்தி, ஒரு பத்திரிகைக்கு அனுப்பட்டும். நன்றாக இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். முடித்தாளா என்று மட்டும் பாருங்கள். ஆரம்பித்து விட்ட கதைகள் பத்து இருந்தும் முடித்தது ஒன்றுகூட இல்லையென்றால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு மாதிரி பேசலாம்.

அதுவரை பொறியியல் கலந்தாய்வுக்கும் கலைக் கல்லூரிக்கும் இரண்டு விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள். கலைக் கல்லூரி விண்ணப்பம் எப்போது முடிகிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், பொறியியலுக்குக் காத்திருந்து அதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம்.