மோசெல் உழவரின் கொடுப்பினை

கேள்வி: மகள் வீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தபோது, மோசெல் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒயின் திருவிழா பார்த்தேன். ரோமானியர் காலத்திலிருந்து 2000 ஆண்டாகத் தொடரும் மரபாம். ஓர் இளம்பெண்ணுக்கு ஒயின் ராணி என்று கிரீடம், பேண்டு வாத்தியம், ஆட்டம், பாட்டு. உழவர்கள் என்னமாய் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்! இந்தக் கொடுப்பினை ஏன் எல்லா நாட்டு உழவருக்கும் இல்லை?

– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: எந்த மாதம் போனீர்கள் என்று எழுதவில்லை. ஆகஸ்ட் அல்லது செப்டம்பராக இருக்கும். அந்தப் பக்கத்துக் கிராம விழாக்கள் பெரும்பாலும் அப்போதுதான். அங்கே முக்கியப் பயிரான ரீஸ்லிங் திராட்சையின் அறுவடை மும்முரம் அதற்கு அப்புறம்தான். விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட நிம்மதியில் ஆடுகிற ஆட்டம் இல்லை ஐயா அது. பழம் கொடியில் தொங்கும்போதே, பாதாள அறையில் இருக்கும் பழைய சரக்கை விற்றுத் தள்ளுவதற்கான கடை. கோப்பைக்கு முன்பணம் வாங்கியிருப்பார்களே, திருப்பிக் கொடுத்தீர்களா, நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டீர்களா?

2000 ஆண்டு என்பது திராட்சைக்குப் பொருந்தும்; விழாவுக்குப் பொருந்தாது. பீஸ்போர்ட் கிராமத்தில் கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானியர் திராட்சை பிழிந்த தொட்டிகள் இருக்கின்றன. அவை மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டதே 1985இல்தான். இப்போது வருடாவருடம் ரோமானிய உடுப்பு மாட்டிக்கொண்டு அங்கே பழம் மிதிக்கிறார்கள். பார்க்கிறவருக்கு, ரோமாபுரி காலத்தில் தொட்டியில் இறங்கியவர்கள் இன்னும் வெளியே வரவில்லையோ என்று தோன்றும்.

ராணிப் பட்டமும் அப்படித்தான். முதல் ராணி 1931இல், அதுவும் மோசெலில் இல்லை, பால்ட்ஸ் என்ற வேறொரு ஒயின் பகுதியில். தேசிய அளவிலான ராணி 1949இல். அந்தத் தேசியப் போட்டியில் கொடி வளர்ப்பு, ஒயின் தயாரிப்பு, விற்பனை என்று நடுவர்கள் துருவித் துருவிக் கேட்பார்கள். ஜெயித்தால் ஒரு வருடம் ஊர் ஊராகப் போய் ஒயினுக்கு ஆள் பிடிக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி வேலை. கிரீடம் அதற்குச் சீருடை.

விழா நோட்டீஸில் வராத சங்கதி ஒன்று. அந்தக் காலத்தில் ஜெர்மன் ஒயின் வியாபாரத்தில் யூதர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. நாஜிகள் அவர்களை விரட்ட ஆரம்பித்தார்கள். விளைச்சலோ மிகுதி, சரக்கு தேங்கிவிட்டது. 1935இல் நாடு முழுக்கத் திராட்சை, ஒயின் விழா எடுத்தார்கள். ஆளுக்கொரு ஒயின் கிராமத்தைத் தத்தெடுத்து வாங்கிக் குடிக்கும்படி நகரங்களை ஏவினார்கள். ‘பழம்பெரும் மரபு’ என்று யாராவது சொன்னால் எனக்கு இது ஞாபகம் வந்துவிடும்.

மகிழ்ச்சிக்கு வருவோம். ஜெர்மனி அப்போது ஒரே நாடு இல்லை, பல நாடுகள். 1834இல் அவற்றில் பலவற்றுக்கு நடுவே சுங்கத் தடை நீங்கியதும், தெற்கிலிருந்து மலிவு ஒயின் வந்து இறங்கியது. மோசெல்காரரின் விலை விழுந்தது, வரி விழவில்லை. அந்தத் துயரத்தைப் பற்றி 1843 ஜனவரியில் ஓர் இளம் பத்திரிகையாசிரியர் எழுதினார். மோசெல் கரையின் ட்ரியரில் பிறந்தவர், பெயர் கார்ல் மார்க்ஸ். பொருளாதாரத்தின் பக்கம் தன்னை முதலில் திருப்பிய விஷயங்களில் இதுவும் ஒன்று என்று பின்னாளில் அவரே சொன்னார். பெரிய ஒயின் விழா நடக்கும் பெர்ன்காஸ்டல்-கூஸ் ஊரில், 1926 பிப்ரவரி 25 அன்று, கொடிக்காரர்கள் வரி அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை வெளியே வீசிக் கொளுத்தினார்கள். சில வாரங்களில் ஒயின் வரி ஒழிந்தது. அன்றைக்கும் கூட்டம் இருந்தது, சத்தம் இருந்தது. பேண்டு வாத்தியம் இருந்திருக்காது.

மேடைக்குப் பின்னால் மலை இருந்ததே, நிமிர்ந்து பார்த்தீர்களா? ப்ரெம் ஊருக்கு மேலே கால்மோன்ட் என்று ஒரு சரிவு, சில இடங்களில் 60 பாகையைத் தாண்டும். நான் ஒருமுறை ஏறப் போய்ப் பத்தடிக்குள் நாலு காலில் நின்றேன். காலடியில் மண்ணே தெரியாது, எல்லாம் உடைந்த சிலேட்டுப் பாறை. மிதித்தால் சரசரவென்று வழுக்கும். அந்தக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கும். அவ்வளவு வடக்கே பழம் பழுப்பதில் அதற்குப் பங்குண்டு. பழைய முறையில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு தனிக் கம்பு. இரண்டு கிளைகளை இதயம் மாதிரி வளைத்துக் கீழே கட்டியிருப்பார்கள். குறுக்கே கம்பி கிடையாது, அதனால் மலையில் எந்தப் பக்கமும் நகர்ந்து வேலை செய்யலாம். ஆளையும் கூடையையும் ஏற்றிப்போக ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கர வண்டி ஒன்று ஊர்ந்துபோகும். மற்றதெல்லாம் கையும் முதுகும். அறுவடை நாளில் அந்த முதுகுகள் பெரும்பாலும் போலந்து, ருமேனியாவிலிருந்து வருபவை. நீங்கள் பார்த்த ஆட்டத்தில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த மகிழ்ச்சியான உழவர்கள் 1990 வாக்கில் 12,000 ஹெக்டேருக்கு மேல் கொடி வளர்த்தார்கள். இப்போது 9,000க்கும் கீழே. முதலில் கைவிடப்படுவது செங்குத்தான துண்டுகள்தான். அங்கே முட்புதர் ஏறிவிட்டது.

மகள் வீட்டுக்கு மறுபடி போனால் அக்டோபரில் போங்கள். வீட்டு வாசலில் கிளைக்கொத்தோ துடைப்பமோ தொங்கினால் கூசாமல் உள்ளே போய் உட்காருங்கள். வருடத்தில் சில மாதங்கள் கொடிக்காரர்கள் தங்கள் ஒயினைத் தங்கள் வீட்டிலேயே விற்கலாம் என்று சட்டம் இருக்கிறது, அதற்கான அடையாளம் அது. ஊற்றிக் கொடுக்கிறவரின் கையைப் பாருங்கள். விலையில் பேரம் பேசாதீர்கள்.