பானை ஓட்டிலிருந்து கெய்ரோ வரை

கேள்வி: பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம்தான் எங்கள் வீடு. மகள் வரலாறு முடித்துவிட்டு எகிப்தியத் தொல்லியலில் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறாள். நமக்கும் எகிப்துக்கும் என்ன சம்பந்தம்? உதவித்தொகை கிடைக்குமா?
– ஒரு தாய், ஜார்ஜ் டவுன்

பதில்: சம்பந்தமா? நிறைய இருக்கிறதம்மா. எகிப்தின் செங்கடல் ஓரத்துப் பழைய துறைமுகமான குசெய்ர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. ஒறி என்றால் நம் பாட்டி வீட்டு உறிதான், ஏறக்குறைய 2,000 ஆண்டுக்கு முந்தையது. அதே கடலோரத்தில் தெற்கே உள்ள பெரெனிகே துறைமுகத்தில் ஒரு இந்தியச் சாடியில் 7.5 கிலோ மிளகே கிடைத்தது. அதே குசெய்ரில் 13ஆம் நூற்றாண்டு வணிகர் வீட்டு அரபுக் கடிதங்களும் கிடைத்தன, ஆக, தமிழும் அரபும் தெரிந்த பிள்ளைக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

பணம்தான் சிக்கல். 1948இல் தொடங்கிய எகிப்துக்கான அமெரிக்க ஆய்வு மையம் தரும் உதவித்தொகைகளில் சில அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும், அதனால் யார் விண்ணப்பிக்கலாம் என்ற பகுதியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முனைவர் பட்ட நிலையில்தான் கேட்பார்கள். அதுவரை அரபு படிக்கட்டும், அப்புறம் கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள்.