துணை பட்ஜெட் வந்தால்தான் எங்கள் ஊர்க் கட்டடத்துக்குப் பணமா?

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடுதல் கட்டடம் கட்ட அரசாணை வந்து நான்கு மாதம் ஆகிறது. போய்க் கேட்டால், "துணை பட்ஜெட் பாஸ் ஆகட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். அது எப்படி பாஸ் ஆகும்? எங்கள் எம்.எல்.ஏ.விடம் சொல்லி இந்தத் தொகையை அதில் சேர்க்க முடியுமா?

பதில்: முதலில் அந்த அரசாணையைக் கையில் எடுத்து கடைசிப் பத்திகளைப் படியுங்கள். இந்தச் செலவு 'புதுப்பணி' (அதாவது ஆண்டு பட்ஜெட்டில் இடம்பெறாத புதுச் செலவு), சட்டப்பேரவையின் ஒப்புதல் பின்னர் பெறப்படும், அதுவரை எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து முன்பணம் பெற்றுக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அரசாணை ஆங்கிலத்தில் இருந்தால் 'நியூ சர்வீஸ்', 'கன்டின்ஜென்சி ஃபண்ட்' என்ற சொற்களைத் தேடினால் போதும். அந்த வரி இருந்தால் துணை பட்ஜெட்டுக்காக வேலையை நிறுத்தி வைக்க வேண்டியதே இல்லை. சுகாதாரத் துறை நிதித் துறைக்கு எழுதி முன்பணம் வாங்கி வேலையைத் தொடங்கலாம். அதற்காகத்தான் அரசியல் சட்டத்தின் 267-வது பிரிவில் அந்த நிதியமே வைத்திருக்கிறார்கள். நான்கு மாதமாக யாராவது அந்த விண்ணப்பத்தை அனுப்பினார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சரி, துணை பட்ஜெட்டுக்கு வருவோம். பத்திரிகைகள் துணை பட்ஜெட் என்று எழுதுவதைச் சட்டமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை என்பார்கள் (மானியக் கோரிக்கை என்றால் ஒரு துறையின் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பது), அச்சிட்ட புத்தகத்துக்குத் துணை மதிப்பீடுகள் என்று பெயர். ஆண்டுத் தொடக்கத்தில் பேரவை ஒப்புக்கொடுத்த தொகை போதாமல் போனாலோ, அப்போது யாரும் நினைக்காத புதுச் செலவு வந்தாலோ, அரசு மறுபடியும் பேரவைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று 205-வது பிரிவு சொல்கிறது. மாநிலத்தின் தொகு நிதியத்திலிருந்து, அதாவது அரசின் வரவெல்லாம் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, சட்டம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் நடுவில் ஒரு முறை, நிதியாண்டு முடியும் பிப்ரவரி, மார்ச்சில் இன்னொரு முறை வரும். 2024 டிசம்பரில் அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த முதல் துணை மதிப்பீடுகள் சுமார் 3,531 கோடி ரூபாய்க்கு.

அது பேரவைக்கு வருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு துறையும் தன் அரசாணைகளைத் திரட்டி, எதற்கு எவ்வளவு, ஏன் என்று விளக்கக் குறிப்பு எழுதி நிதித் துறைக்கு அனுப்பும். நிதித் துறை சலித்தெடுத்து மானியக் கோரிக்கை எண் வாரியாகப் புத்தகமாக்கும். மக்கள் நல்வாழ்வு 19, பள்ளிக் கல்வி 43 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, உங்கள் கட்டடம் இருந்தால் 19-ல்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில் ஒரு துறை குறிப்பு அனுப்பத் தவறினால் அடுத்த துணை மதிப்பீடு வரை காத்திருக்க வேண்டியதுதான். கோப்பு மேசையில் கிடந்ததால் ஒரு பருவமே தள்ளிப்போன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் பேரவை. நிதியமைச்சர் தாக்கல் செய்வார், விவாதம் நடக்கும், கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு விடப்படும், பெரும்பாலும் குரல் வாக்கெடுப்புதான். கடன் வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவற்றைப் பற்றிப் பேசலாம், ஆனால் வாக்கெடுப்பு கிடையாது. மற்றவை நிறைவேறியதும் அதே தொகைகளை வைத்து நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அதில் தொகையையோ நோக்கத்தையோ மாற்றும் திருத்தம் கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டில் 1986-லேயே மேலவை ஒழிந்துவிட்டதால் பேரவையோடு முடிந்தது, நேராக ஆளுநரிடம் போகும். இது பண மசோதா என்பதால் மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அவர் திருப்பி அனுப்ப 200-வது பிரிவில் இடமில்லை. ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வெளியானால் சட்டம்.

இப்போது எம்.எல்.ஏ. விஷயம். பேரவை ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்தக் கோரிக்கையும் வர முடியாது, நடைமுறையில் அது அமைச்சரவையின் முடிவு. ஆகவே புத்தகம் அச்சாகி அவைக்கு வந்த பிறகு உங்கள் எம்.எல்.ஏ. எவ்வளவு உரக்கப் பேசினாலும் ஒரு வரியைச் சேர்க்க முடியாது. அவர் உதவக்கூடிய நேரம் அதற்கு முன்னால்: கூட்டத் தொடர் அறிவிப்பதற்கு முன்பே துறைச் செயலாளருக்கும் அமைச்சருக்கும் அரசாணை எண்ணோடு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

புத்தகத்தில் உங்கள் வேலைக்கு எதிரே சில ஆயிரம் ரூபாய் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். துறையிடம் வேறு தலைப்பில் மிச்சப் பணம் இருந்தால், புதுப்பணிக்குப் பேரவையின் சம்மதம் மட்டும் போதும் என்று இப்படி அடையாளத் தொகை கேட்பார்கள். மீதியை அந்த மிச்சத்திலிருந்து மாற்றிக்கொள்வார்கள். அதேபோல முன்பணம் வாங்கி வேலை நடந்திருந்தால், புத்தகத்தில் இருக்கும் தொகை எடுத்த பணத்தை நிதியத்துக்கு ஈடு செய்வதற்குத்தான், புதிதாக இன்னொரு தொகை வரப்போவதில்லை.

இன்னொன்று, சட்டம் வந்தாலே பணம் வந்ததாக ஆகாது. அது செலவழிக்க அனுமதி மட்டும். துறை ஒதுக்கீடு செய்து, வேலை நடந்து, பில் கருவூலத்தில் பாஸ் ஆக வேண்டும், அதுவும் மார்ச் 31-க்குள். இல்லாவிட்டால் அனுமதி காலாவதி. மார்ச்சில் வரும் இறுதித் துணை மதிப்பீட்டை நம்பி ஒரு கட்டட வேலையைத் தொடங்காமல் வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படவில்லை, அஸ்திவாரம் தோண்டுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும்.

ஆகவே இந்த வாரமே மாவட்ட சுகாதார அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். அரசாணை எண், தேதியைக் குறிப்பிட்டு இரண்டு விவரம் மட்டும் கேளுங்கள்: எதிர்பாராச் செலவு நிதிய முன்பணம் கேட்டு எந்தத் தேதியில் கடிதம் போனது, துணை மதிப்பீட்டில் சேர்ப்பதற்கான விளக்கக் குறிப்பு எந்தத் தேதியில் போனது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை அவர்களே அங்கே அனுப்ப வேண்டும்.