கேமராவைப் பிரித்துப் பார்க்கிற பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

ராஜபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் பயம் புரிகிறது. மகளுக்குக் கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரியில் ஈசிஈ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கும் போலிருக்கிறது. கொழுந்தனாரோ கம்ப்யூட்டர் சயின்ஸில் சைபர் செக்யூரிட்டிதான் வேண்டும் என்று சென்னையில் மேனேஜ்மெண்ட் சீட் பேசிவிட்டார். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்கிறார். வேண்டாம் அம்மா. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. இதை விட்டுவிட்டுக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். வீட்டு வாசல் கேமராவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாருமே மாத்தலம்மா, வெளியிலிருந்து யார் வேணும்னாலும் பார்க்கலாம்" என்றாளாம். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. ஆலையில் போட்ட அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி நடத்திய தாக்குதலில் அந்த அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கின.

அப்படிப்பட்ட கருவிகளைச் சந்தைக்கு வருமுன் சோதிப்பதே ஒரு தொழில். உறவினர் யாரும் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சோதிப்பவர் கேமராவின் சர்க்யூட் போர்டில், கருவியோடு நேரடியாகப் பேச உதவும் சீரியல் முனைகளைத் தேடி வயர் வைப்பார். நினைவக சிப்பிலிருந்து ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை எடுத்து, உள்ளே யாராவது பாஸ்வேர்டை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று துழாவுவார். போலி அப்டேட்டைக் கருவி ஏற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பார். படம் எந்த நாட்டு சர்வருக்குப் போகிறது, பூட்டிப் போகிறதா திறந்தபடி போகிறதா என்று வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளில் கவனிப்பார். இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து இந்தச் சோதனை கட்டாயம். எஸ்டிக்யூசி என்ற மத்திய அரசு அமைப்பு இதைக் கவனிக்கிறது. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கும் இதுபோன்ற விதிகள் இருக்கின்றன.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த கை வேண்டிய வேலை இது. ஈசிஈயில் கிடைக்கும் மின்னணு அடித்தளம் இங்கே வீணாகாது. கூடவே சி, பைத்தான், லினக்ஸ் மூன்றையும் அவளே பழகட்டும். வயர்ஷார்க் இலவசம், பழைய ரௌட்டர் ஒன்று போதும். ஒரே கண்டிப்பு, சொந்தக் கருவியில் மட்டும். அடுத்தவர் கேமராவை அனுமதியில்லாமல் தொட்டால் சட்டப்படி குற்றம். டிகிரிக்கு அப்புறம் பாதுகாப்பில் தனிப்பயிற்சி வேண்டுமென்றால், மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கில் ஆறு மாத டிப்ளமோ இருக்கிறது, சி-கேட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

சாய்ஸ் ஃபில்லிங் அன்று கல்லூரி வரிசையை மகளே போடட்டும். கொழுந்தனார் கோபித்துக்கொண்டால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.