ஸ்கேன் நார்மல், வலி மட்டும் நிற்கவில்லை

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. மாதவிலக்கின் முதல் இரண்டு நாளும் வாந்தி, மயக்கம். கல்லூரிக்குப் போக முடிவதில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. “எல்லாருக்கும் வர்றதுதான், கல்யாணமானா சரியாயிடும்” என்கிறார்கள். அப்படித்தானா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இல்லவே இல்லை. மாதாமாதம் ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளும் வலியை அவள் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. இது எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு அதற்கு வெளியே சினைப்பையிலும், இடுப்புக்குழிச் சவ்விலும், சிலருக்குக் குடலிலும் வளர்வதுதான் இந்நோய். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கல்யாணம் இதற்கு மருந்தல்ல.

திருமணமாகாத பெண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். சினைப்பையில் பெரிய சாக்லேட் கட்டி (பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருந்தால் அதில் தெரியலாம். சவ்வில் படர்ந்த சிறு திட்டுகள் எம்.ஆர்.ஐ.யில்கூடத் தப்பிவிடும். அதனால் நார்மல் ரிப்போர்ட்டை வைத்து நோயில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மூன்று மாதம் குறிப்பெடுங்கள்: எந்த நாள், பத்துக்கு எத்தனை வலி, எத்தனை மாத்திரை, கேட்டதா, எத்தனை வகுப்பு போனது. “ரொம்ப வலிக்குது” என்பதைத் தட்டிக்கழிக்கும் மருத்துவரும் இந்தத் தாளைத் தட்டிக்கழிப்பது கடினம். அந்த நாட்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறதா என்பது முக்கியமான தடயம். பெற்றோர் எதிரில் பிள்ளைகள் சொல்லத் தயங்குவார்கள். மருத்துவரிடம் மகள் தனியாகப் பேசட்டும்.

வலி உச்சத்துக்குப் போனபின் மாத்திரை போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் அதற்குள் சுரந்துவிடும். மருத்துவர் மெஃபனமிக் அமிலம் என்ற வலி மாத்திரையை எழுதித் தந்திருந்தால், வலி தொடங்கும்போதே, சாப்பிட்டபின் போட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள். காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். 2023இல் மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷனும் இதை எச்சரித்தது.

அதிலும் கேட்காவிட்டால் டைனோஜெஸ்ட் 2 மி.கி. போன்ற ஹார்மோன் மாத்திரையை தினமும் இடைவெளியின்றித் தருவார்கள். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு ரத்தம் படும். பயந்துபோய்ப் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) செய்து பார்த்தபின்தான் மருந்து என்ற கட்டாயம் இப்போது இல்லை.

கேள்வி: எனக்கு 36 வயது, இதே நோய். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் வலி தீருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உறுதியில்லை. குடலிலும் சவ்விலும் உள்ள திட்டுகளை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி நீடிக்கலாம். “திட்டுகளையும் அகற்றுவீர்களா, சினைப்பையை வைப்பீர்களா?” என்ற இரண்டையும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். சினைப்பை இரண்டையும் எடுத்தால் இந்த வயதிலேயே மாதவிடாய் நின்று எலும்பு தேயும்.